சம்பளம் வாங்காத கோச்

அலபாமா மாநிலத்தில் எப்போதும் இரண்டு வகைக் கோச்சுகள் உண்டு. ஒருவர் டஸ்கலூஸா நகரில், அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்குப் பல மில்லியன் டாலர் சம்பளத்தில் இருப்பவர். இன்னொருவர் டயர் கடையிலோ, இன்சூரன்ஸ் ஆபீஸிலோ, சர்ச் வாசலிலோ நின்றுகொண்டு அதே வேலையை இலவசமாகச் செய்பவர். முதல் ஆளை வேலையைவிட்டுத் தூக்கலாம். இரண்டாம் ஆளை ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, ஒருவர்மேல் ஒருவர் விழுகிற ஆட்டம். அலபாமாவில் என்.எஃப்.எல். அணி எதுவும் கிடையாது. ஆகவே மாநிலத்தின் மொத்த பக்தியும் இரண்டு கல்லூரிகளுக்குப் போய்ச் சேருகிறது: அலபாமா, ஆபர்ன். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் என்று முடிவாகிவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் கல்யாணம் வைக்கப் பயப்படுவார்கள், நம் வீடுகளில் மார்கழியில் முகூர்த்தம் பார்க்காத மாதிரி. மீறி வைத்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். ஆனால் யார் கண்ணும் மணமக்கள்மேல் இருக்காது, போனில் இருக்கும்.

நான் இருக்கும் ஹன்ட்ஸ்வில், மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட் உருவான ஊர். இங்கே ஒருவரை ராக்கெட் விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்தினால் தலையசைப்பார்கள். அலபாமா அணிக்குப் பேர் பிரயன்ட் கோச்சாக இருந்த காலத்தில் ஆடியவர் என்றால் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள்.

நம் கதாநாயகர் டயர் கடைக்காரர். அறுபதை நெருங்குகிறவர். அடர்சிவப்புத் தொப்பி, அடர்சிவப்புச் சட்டை, பிக்-அப் வண்டியின் பின்கண்ணாடியில் பெரிய 'ஏ'. அலபாமா பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததில்லை. அதன் வகுப்பறை எதையும் பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் தன்னைக் கேட்காமல் அங்கே எப்படி முடிவுகள் எடுக்கிறார்கள் என்பது அவருக்கு இன்றுவரை விளங்காத மர்மம்.

2007 ஜனவரியில் நிக் சேபன் கோச்சாக வந்து டஸ்கலூஸா விமான நிலையத்தில் இறங்கியபோது திரண்ட கூட்டத்தில் தானும் இருந்ததாகச் சொல்வார். அவர் வயதுக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள். அத்தனை பேரும் வந்திருந்தால் விமானம் இறங்க ஓடுபாதை மிஞ்சியிருக்காது. அதே ஏப்ரலில் நடந்த பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,000 பேர் போனார்கள். அலபாமா அணி இரண்டாகப் பிரிந்து தன்னோடு தானே மோதுகிற ஆட்டம் அது. அன்று மட்டும்தான் நம்மவர் நிம்மதியாக வீடு திரும்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கும் ஏதோ குறை இருந்ததாம்.

சேபன் 17 ஆண்டுகளில் அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆறைப் பற்றிக் கேட்டால் நம்மவர் இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவார். 2013 ஆபர்ன் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்கோர் 28–28. நேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்க, இன்னும் ஒரு வினாடி பாக்கி என்று சேபன் வாதாடி வாங்கினார். அந்த ஒரு வினாடியில் 57 கெஜத்திலிருந்து அலபாமா அடித்த உதை கோலுக்கு எட்டாமல் போயிற்று. கோல்கம்பத்தடியில் நின்றிருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பந்தைப் பிடித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடிவிட்டார். ஆபர்ன் 34, அலபாமா 28.

“தப்பு முழுக்க அம்பயர் மேலதான்” என்பார் நம்மவர்.

“ஒரு வினாடி வேணும்னு கேட்டது சேபன்தானே, சார்?”

“அவர் கேட்பார், தம்பி. கேட்டா கொடுத்துடறதா?”

சேபன்மேல் அவருக்கு இருந்தது பக்தி மட்டும் அல்ல. மேலதிகாரிக்குத் தன் கீழே வேலை பார்ப்பவர்மேல் உள்ள கரிசனமும் உண்டு. 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், அதுவரை ஆடிய ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் உட்கார வைத்துவிட்டு, முதலாண்டுப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் சேபன். அலபாமா 26–23 என்று வென்றது. இந்த மாற்றத்தை அக்டோபரிலேயே தான் சொல்லிவிட்டதாகவும், சேபனுக்குப் புரிய மூன்று மாதம் பிடித்ததாகவும் சொல்லி நம்மவர் பெருந்தன்மையாகச் சிரிப்பார். யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் மட்டும் நட்டு முடுக்குவதை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

ஆட்டம் நடக்கும் மாதங்களில் அவரைப் பார்த்துவிட்டு, இவர் ஆட்டத்தின் ரசிகர் என்று முடிவுகட்டுவது அவசரம். அவருடைய உண்மையான சீசன் ஆள் பிடிக்கும் சீசன். பள்ளிக்கூடப் பையன்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரைக்கும் மதிப்பெண் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போகிறான் என்பது நம்மவருக்கு எண்ணெய் விலையைவிடப் பெரிய செய்தி. அவன் 40 கெஜம் ஓட எத்தனை வினாடி, அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில் வேலை, காதலி எந்த ஊர் எல்லாம் விரல்நுனியில் இருக்கும். இரண்டே நட்சத்திரம் வாங்கிய ஜே.ஜே. வாட், பின்னால் என்.எஃப்.எல்.லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினாரே என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். “விஸ்கான்சின்காரன்” என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

பையன்கள் கல்லூரியைத் தேர்ந்து ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாளில் அவர் கடைக்குப் போகாமல் இருப்பது நல்லது. முன்பெல்லாம் அது பிப்ரவரியில் மட்டும் வரும். 2017 முதல் டிசம்பரிலும் வருகிறது. என் டயரில் ஆணி ஏறியது சரியாக அப்படியொரு டிசம்பர் புதன்கிழமை. கார் ஜாக்கியில் நிற்கிறது. கழற்றிய சக்கரம் பாலன்ஸிங் மெஷினில் ஏறிவிட்டது. மெஷினின் தலையில் போன் சாய்த்து வைத்திருக்கிறது. போனுக்குள் ஒரு பள்ளிக்கூட ஜிம்; மேஜைமேல் மூன்று கல்லூரிகளின் தொப்பிகள்; பின்னால் பையனின் அப்பா, அம்மா, பாட்டி, கோச். பையன் மைக்கில் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறான். அம்மாவுக்குச் சொல்கிறான். மூன்றாம் வகுப்பு டீச்சருக்குச் சொல்கிறான். கை அலபாமா தொப்பிமேல் போகிறது. நம்மவர் மூச்சு விடவில்லை. தொப்பியை ஒருமுறை தடவிக் கொடுத்த கை அப்படியே நகர்ந்து ஜார்ஜியா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறது.

சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“நல்லதாப் போச்சு” என்றார், குரல் கொஞ்சம் கம்ம. “இடுப்பு சரியில்லாத பையன். ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்.” அரை மணி முன்னால் அதே பையனுக்குச் சிலை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். என் பஞ்சருக்கு அன்று காசு வாங்கவில்லை. தாராளம் என்று நினைத்தேன். ஆணியையே பிடுங்கவில்லை என்பது வீட்டுக்குப் போனபிறகு தெரிந்தது.

பணப் பேச்சு வந்தால் அவர் தர்மவான் ஆகிவிடுவார். 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரைக்கும். இதனால் ஆட்டத்தின் புனிதம் போயிற்று என்பது அவர் கட்சி. டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் காசு கொடுத்து வாங்கியது என்று 2022இல் சேபனே பகிரங்கமாகச் சொன்னதை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு பையனைச் சேர்ப்பதற்காக அலபாமாவின் பணக்கார அபிமானி ஒருவர் பள்ளிக் கோச்சுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் 2002இல் அலபாமாவே தண்டனை வாங்கியதே என்றால், “அது அன்பு” என்பார்.

அன்பு எங்கே வரைக்கும் போகும் என்பதற்கு இந்த மாநிலத்தில் ஒரு எல்லைக்கல் இருக்கிறது. 2010இல் ஆபர்ன் ஜெயித்த கோபத்தில் அலபாமா ரசிகர் ஒருவர் ஆபர்ன் ஊரின் இரண்டு ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார், அதைத் தானே ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார், ஜெயிலுக்குப் போனார். மரங்களை 2013இல் வெட்டிவிட்டார்கள். நம்மவர் இதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். “மரம் என்ன பாவம் பண்ணுச்சு? அதுவா டச்டவுன் போட்டுச்சு?”

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வுபெற்றார். கடையில் அன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை. அடுத்த கோச் யார் என்று அறிய நம்மவர் டஸ்கலூஸாவுக்கு வரும் தனி விமானங்களின் எண்களைப் போனில் துரத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளே கேலன் டீபோர் வந்தார். வாஷிங்டன் அணியை அந்த வாரம்தான் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். நம்மவருக்கு ஒரே ஆட்சேபம்: சவுத் டகோட்டாக்காரர், தெற்கத்தி மண்ணை அறியாதவர். சேபனே மேற்கு வர்ஜீனியாக்காரர்தான் என்ற தகவலை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அக்டோபரில், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அலபாமா, வாண்டர்பில்ட்டிடம் 40–35 என்று தோற்றது. வாண்டர்பில்ட் என்றால் படிப்புக்குப் பேர்போன இடம். 1984க்குப் பிறகு அதுவரை அலபாமாவை ஜெயித்ததே இல்லை. அந்தப் பிள்ளைகள் கோல்கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்களில் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். டீபோரையும் அதே ஆற்றில் போட்டிருக்கலாம் என்பது கடையின் தீர்மானம். 2025 ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 31–17 என்று தோற்றபோது, கோச்சை வேலையைவிட்டு அனுப்ப எவ்வளவு நஷ்டஈடு தரவேண்டியிருக்கும் என்று டயர் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, அதில் தன் பங்காக 20 டாலர் எழுதிவைத்தார்.

நான்கே வாரத்தில் அலபாமா அணி ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகருக்குப் போய், சொந்த மைதானத்தில் 33 ஆட்டங்களாகத் தோற்காத ஜார்ஜியாவை 24–21 என்று வீழ்த்தியது. திங்கட்கிழமை வாழ்த்துச் சொல்லலாம் என்று கடைக்குப் போனேன். தலையைக் குனிந்து டயருக்கு ஏர் அடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டாவது பாதியில ஒரு பாயிண்ட் எடுக்கல. கவனிச்சியா?”

“ஜெயிச்சாச்சே, சார். இன்னும் கோச்சை அனுப்பணுமா?”

ஏர் குழாயைப் பிடுங்கி, மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“அவசரப்படக் கூடாது தம்பி. சனிக்கிழமை வாண்டர்பில்ட் வர்றான். அதையும் பாத்துட்டுச் சொல்றேன்.”