சாமையை விடு, பட்டாவை உழு

சர்க்கார் குடுக்குற பி.எம். கிசான் காசு வரலைன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கிறியே பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. தப்பு உன் மேலதான். சரிவுக் காட்டைக் கொத்தி, சாமை வெதைச்சு, ராவெல்லாம் பன்னிக்குக் காவல் காத்துட்டு, "நான் விவசாயி"ன்னு போய் நின்னா எவன் நம்புவான்? பட்டாவைக் காட்டணும்டா.

வருசத்துக்கு 6,000 ரூபா. நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000. நாள் கணக்குல பிரிச்சா 16 ரூபா சொச்சம். 2019-ல ஆரம்பிச்சப்ப என்னவோ அதேதான் இன்னிக்கும். டீ வெலை ஏறிப்போச்சுன்னா அது டீயோட குத்தம். அரை ஏக்கர்காரனுக்கும் இருபது ஏக்கர்காரனுக்கும் ஒரே தொகை, அதுல மட்டும் பாரபட்சமே கெடையாது. ஆனா 2019 பிப்ரவரி 1-க்கு முன்னாடியே நெலம் உன் பேர்ல ஏறியிருக்கணும். அதுக்கப்புறம் வாரிசா வந்திருந்தா விலக்கு உண்டு. உனக்கும் வாரிசாத்தான் வந்துது. பட்டாவுல மட்டும் உன் தாத்தன் இன்னும் எறங்காம உக்காந்திருக்கான்.

கீழ்நாட்டுக்காரனைப் பாத்துக் கத்துக்க. 2020, கொரோனா. நாம மலையை விட்டு எறங்கவே பயந்துக்கிட்டுக் கெடந்தோம். கீழ கள்ளக்குறிச்சி, விழுப்புரம், நம்ம திருவண்ணாமலைன்னு கம்ப்யூட்டர் சென்டருக்குள்ளயே வெள்ளாமை பண்ணிட்டானுங்க. தரகனும் தற்காலிக ஊழியனும் சேந்து, அதிகாரியோட பாஸ்வேர்டைப் போட்டுத் தொறந்து, தகுதியில்லாத 5.5 லட்சம் பேரைக் கிசான் பட்டியல்ல நட்டானுங்க. வெளைச்சல் 110 கோடி! மழை கேக்கல, எரு கேக்கல. கடைசியில சி.பி.சி.ஐ.டி. வந்து அறுப்பை முடிச்சுது.

நம்ம ஊருதான் இப்பிடின்னு நெனைக்காத. அமெரிக்காவுல 1999-லேர்ந்து 2005 வரைக்கும் செத்துப்போன விவசாயிங்க பேர்லயே 110 கோடி டாலர் மானியம் போயிருக்காம். அவங்க தணிக்கைக்காரங்களே 2007-ல சொன்னதுன்னு பேத்தி செல்போன்ல படிச்சுக் காட்டினா. அதே 110 கோடி! செத்து ஏழு வருசம் ஆனவனுக்கும் காசு வந்திருக்கு. உன் தாத்தன் சாவைத்தான் நாம எங்கயும் பதியலையே, காகிதப்படி அவன் கல்லு மாதிரி உசுரோட இருக்கான். பொறக்குற தேசத்தைத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டான், பாவம்.

இங்க உசுரோட இருக்குறவன்தான் உசுரோட இருக்கேன்னு நிரூபிக்கணும். கட்டைவெரலை வைன்னா, மம்பட்டி புடிச்ச வெரல்ல ரேகை ஏது? ஓ.டி.பி. சொல்லுன்னா டவர் கெடைக்காது. இதே ஜவ்வாது மலையில காவலூர்ல தொலைநோக்கியை வச்சுக்கிட்டு எங்கயோ இருக்குற நட்சத்திரத்தைப் பாக்குறாங்க, உன் செல்போனுக்கு ஒரு சேதி வரமாட்டேங்குது. இப்ப மொகத்தைக் காட்டினாலே போதுமாம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அக்கம்பக்கம் பாத்துச் சிமிட்டு.

ஆக, நாளைக்குக் காலம்பர மொத பஸ்ஸைப் புடிச்சு ஜமுனாமரத்தூர் போ. தாத்தனுக்கு எறப்புச் சான்று, அப்புறம் வாரிசுச் சான்று, அப்புறம் பட்டா மாத்தம், அப்புறம் சிட்டா. வி.ஏ.ஓ. இருந்தா அதிர்ஷ்டம், இல்லாட்டி மறுநா போ. சாமை அறுப்பை நெனைச்சுக் கவலைப்படாத, உன் பொண்டாட்டி பாத்துக்குவா. உன்கூடக் கொத்துனதும் அவ, களை எடுத்ததும் அவ. அவளுக்கு ஆபீஸ் அலைச்சலும் இல்ல. பட்டாவுல பேரு இல்லாததால கணக்குப்படி அவ விவசாயியே கெடையாது.