ஊற்றாது ஊர்வது: மின்கார் நீர்மங்கள் குறித்து ஒரு நூற்பாவும் விருத்தியுரையும்

ஊற்றாது ஊர்வது ஊர்தி அன்றே.

இந்நூற்பாவை யாத்தவரும் இதற்கு உரை வகுப்பவரும் ஒருவரே ஆதலால் பாடபேதம் இல்லை. எண்ணெயோ நீரோ பிறிதொரு நெகிழ்பொருளோ ஊற்றப்படாமல் தரைமேல் செல்லும் ஒன்றை ஊர்தி எனலாகாது என்பது கருத்து. மாட்டு வண்டிக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சில் மை போட்டார்கள். சைக்கிள் செயினுக்கு, வேறொன்றும் அகப்படாதபோது, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயையே விட்டார்கள். இத்துணைத் தொன்மையான மரபை மின்கார் வந்து முறித்துவிட்டது என்று ஷோரூம்களிலும் கல்யாணப் பந்திகளிலும் பேசிக்கொள்கிறார்கள். அது பொருந்துமா என ஆராய்வாம்.

முதற்கண் பரபக்கம். எதிர்த்தரப்பினருக்கு வறட்சிவாதிகள் என்று பெயரிடுவோம். மின்காரில் என்ஜின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை, ஆகவே சர்வீஸும் இல்லை என்பது அவர்கள் மதம். 'ஆகவே'க்கு முன்னுள்ளது முழுதும் மெய். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்று நான்கு லிட்டர் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றும் சடங்கு ஒழிந்தே போயிற்று. 'ஆகவே'க்குப் பின்னுள்ளதுதான் வழக்கு.

மின்காரை நேற்றுப் பிறந்த குழந்தையாக நினைப்பதில் தொடங்குகிறது அவர்கள் பிழை. ஹென்றி ஃபோர்டு ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவர் மனைவி கிளாரா ஓட்டியது 1914-ஆம் ஆண்டின் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின்கார். (வீட்டில் இதுபற்றி என்ன பேச்சு நடந்தது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) அக்காலத்து ஈய பேட்டரிகளில் அமிலமும், எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரியில் காரக் கரைசலும் இருந்தன. இரண்டுக்கும் வற்ற வற்றத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 2001-இல் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ரேவாவும் ஈய பேட்டரியோடுதான் வந்தது. டிஸ்டில்ட் வாட்டர் கேன் அதன் வீட்டுச் சாமான்களுள் ஒன்று. ஆக, மின்கார் ஈரத்தோடுதான் பிறந்தது. வறட்சி அதன்மேல் பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னது.

இனிச் சுபக்கம்.

கூலண்ட் முதலாவது. எரிப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது குளிர்விப்பது எதை எனின், பேட்டரியை, மோட்டாரை, இன்வெர்ட்டரை என்க. பேட்டரிக்குக் கூலண்டே வேண்டாம், காற்றே போதும் என்று துணிந்த காரும் உண்டு. 2010-இல் வெளிவந்த நிசான் லீஃப் அது. 2012-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்து லீஃப் உரிமையாளர்கள் பேட்டரியின் கொள்ளளவு காலத்துக்கு முன்பே குறைகிறது என முறையிட்டார்கள். கோடையில் 43 டிகிரி அங்கே சாதாரணம். வேலூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அற்றேல், இருக்கட்டும், குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொள்வோம் எனின், அதுவும் ஆகாது. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். கூலண்ட் தன் குழாயைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று 2011-இல் கிடைத்தது. பேட்டரியோடு பெட்ரோல் என்ஜினும் கொண்ட செவ்ரோலே வோல்ட்டை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பக்கவாட்டில் கம்பத்தில் மோதிச் சோதித்தது. கார் தேர்வில் தேறியது. ஏறக்குறைய மூன்று வாரம் சும்மா நின்றது. பிறகு தீப்பற்றியது. பேட்டரிப் பெட்டிக்குள் கசிந்த கூலண்டே காரணம் என முடிவாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் அப்பெட்டியைச் சுற்றி வலுக்கூட்டி, கூலண்ட் அளவைக் கவனிக்க சென்சார் வைத்து, யாரும் தோன்றியபடி ஊற்றிவிடாமல் மூடிக்கு ஒரு தடுப்பும் வைத்தது. கடைசியது உரையாசிரியரின் தனிக் கவனத்துக்கு உரியது. மனிதனுக்கு ஊற்றும் வேட்கை இயல்பூக்கம் என்பதைப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. இன்று பல மின்கார்களுக்கு மின்கடத்தும் திறன் குறைந்த தனிக் கூலண்ட் வருகிறது. மட்டம் இறங்கினால் போர் தண்ணீர்க் குடத்தைத் தேடாமல் சர்வீஸ் சென்டரைத் தேடுக.

இனி பிரேக் ஆயில். இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. ஆதலின் சற்று நின்று செல்வாம். பட்டறையில் ஆயில் என்று வழங்கினாலும் பெரும்பாலும் இது கிளைகால் ஈதர் கலவை. நிஜமான எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது இதன் பிறவிக்குணம். டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையக்கூடாது, ஈரம் 3.7 விழுக்காடு ஏறிய நிலையில் 155 வரை இறங்கலாம் என்பது விதி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறும். கிலோமீட்டர் கணக்கு இதற்குச் செல்லாது, காலண்டர் கணக்கே செல்லும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்வதன் காரணம் இது. சென்னைப் புழுக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு என்றே கொள்க.

ஈண்டு ஓர் ஐயம்: மின்காரில் பிரேக்கே அதிகம் மிதிப்பதில்லையே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துவிடுகிறதே (ரீஜென் எனப்படுவது இதுவே) என்பர். உண்மை. நோயும் அதுவே. மிதிபடாத டிஸ்க்கில் துரு ஏறும். அசையாத காலிப்பர் இறுகிக்கொள்ளும். பெட்ரோல் கார் உழைத்துத் தேயும் இடத்தில் மின்கார் ஓய்வெடுத்துக் கெடுகிறது, அரசு விடுமுறையில் மூட்டுவலி வருவோரைப் போல. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரங்களுக்கு மூடிய டிரம் பிரேக்கையே வைத்தது இதை எண்ணித்தான். பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் ஆண்டுக்கொரு முறை காலிப்பரைச் சுத்தம் செய்து கிரீஸ் இடச் சொல்கிறது டெஸ்லா. பெசன்ட் நகரில் சாலைக்கு யாரும் உப்புத் தூவுவதில்லை. கடல் அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. ஆகவே வாரத்துக்கொரு முறையேனும், பின்னால் யாரும் வராத இடத்தில், ரீஜெனைக் குறைத்துவிட்டு பிரேக்கை நன்றாக மிதிக்க. இது விதி.

மூன்றாவது கியர் ஆயில். மின்காரில் கியர் மாற்றும் வேலை இல்லையே தவிர, கியர் உண்டு. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் சுழலும் மோட்டாரைச் சக்கரத்தின் வேகத்துக்கு இறக்கும் பெட்டி அது. உள்ளே எண்ணெய் உண்டு. பல கையேடுகளில் இதற்கு எழுதியிருப்பது: 'வாழ்நாள் முழுவதற்கும்'. யாருடைய வாழ்நாள்? எண்ணெயின் வாழ்நாள் எனின் கூறியது கூறல். காரின் வாழ்நாள் எனின் அதை முடிவுசெய்வதே அந்த எண்ணெய்தான். வாரண்டியின் வாழ்நாள் என்பது நம் துணிபு. நீண்டகாலம் வைத்திருக்க எண்ணுவோர் ஒருமுறையாவது வடித்துப் பார்ப்பது தகும்.

ஏசி கேஸை நீர்மத்தில் சேர்க்கலாமா எனின், குழாயில் பாதிவழி நீர்மமாகவே ஓடுவதால் சேர்க்கலாம். பல கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதுவே; ஆகவே அதைச் சொகுசு என்று தள்ள முடியாது. அதனோடு சுற்றும் கம்ப்ரஸர் எண்ணெயும் சாதாரண காரினது அன்று. மின்சாரத்தைக் கடத்தாத வேறு வகை. பழைய எண்ணெய் ஒட்டிய மிஷினில் கேஸ் ஏற்றினால் மின்காப்பு குறைந்து கார் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள இடமுண்டு. கேஸ் ஏற்றுபவரிடம் "அண்ணே, எலெக்ட்ரிக் வண்டிண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுக.

12 வோல்ட் சின்ன பேட்டரி இன்னும் உள்ளது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் எழாது. வைப்பர் தண்ணீர் ஒன்றே உரிமையாளருக்கு முழுச் சுதந்திரமாக விடப்பட்டது. அதில் அவர் ஒரு ரூபாய் ஷாம்புவைக் கலக்குவார். தடுக்க முடியாது. பூஜையன்று நான்கு டயர்களின் அடியில் பிழியப்படும் எலுமிச்சைச் சாற்றையும் இங்கே சேர்க்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுவர். கையேட்டில் இல்லாவிடினும் வழக்கில் உண்டு. ஆதலின் புறனடையாகக் கொள்க.

எஞ்சியது ஒன்று. பல மின்கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பதிலுக்கு டிக்கியில் விரிப்புக்கு அடியில் ஒரு சிறு கம்ப்ரஸரும், பஞ்சரை அடைக்கும் பால் போன்ற திரவம் ஒரு புட்டியும் வைத்திருப்பார்கள். பேட்டரியின் எடையாலும் மோட்டாரின் திடீர் இழுப்பாலும் டயர்கள் சீக்கிரம் தேயும் ஆதலால் அப்புட்டிக்கு வேலை வரும் நாள் வந்தே தீரும். அதன் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கிறது. பெரும்பாலான உரிமையாளர்கள் அதை முதன்முதலில் படிப்பது நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், செல்போன் வெளிச்சத்தில். அத்திரவத்தை ஏற்றிய டயரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால், உள்ளே இருப்பதைக் கழுவி எடுக்கக் கடைக்காரர் தனியாகக் காசு கேட்பார், கொடுத்துவிடுக.