நாலு திசையா, புதுசா?

'நியூஸ்' என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதலெழுத்துகள்தானே? அப்படியானால் நியூஸ்பேப்பர் நாலு திசைத் தாள்தானே?

பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'நியூஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு 'ஈ' உண்டு. கிழக்கு என்ன, இரண்டா? பிரெஞ்சின் 'நூவெல்' போல, 'புதிய' என்பதன் பன்மையாகப் பிறந்ததே 'நியூஸ்'. நாலா பக்கச் சேதியும் வருவதால் திசைக் கதை பொருந்துகிறதே என்பீர்கள். பொருத்தம் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவருமுன்பே மக்கள் வாயில் புழங்கிய சொல் அது. 17ஆம் நூற்றாண்டில் சேதிகள் சிறு புத்தகமாக வந்தபோது 'நியூஸ்புக்' என்றார்கள். 1665இல் ஆக்ஸ்ஃபோர்டு கெஜட் ஒற்றைத் தாளாக வந்தது. அதற்குப் பிறகே 'நியூஸ்பேப்பர்' என்ற பெயர் புழக்கத்தில் ஊன்றியது.