முனிக்கு நேர்ந்த சேவல்

தங்கச்சி மகள் கொழும்புப் பக்கம் ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில் பூச்சி கட்டுகிறாள். தோட்டத்தில் யார் கேட்டாலும் கார்மெண்ட்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம், "பிள்ளை தூண்டில் முள்ளில் கோழி இறகைச் சுற்றி, அதைப் பூச்சி என்று வெளிநாட்டு மீனை நம்ப வைக்கிறாள். அதற்கு ஈ.பி.எப். கூட உண்டு" என்று எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? தேத்தண்ணி ஆறிவிடும்.

இங்கே அந்த அவசரம் இல்லை என்பதால் விளக்கிவிடுகிறேன். ட்ரவுட் மீன் பிடிக்கிற கூட்டம் ஒன்று மேல்நாட்டில் இருக்கிறது. மண்புழுவைக் கையால் தொட மாட்டார்கள். புழு போட்டுப் பிடிப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. எந்த மாதத்தில் தண்ணீர் மேல் எந்தப் பூச்சி பறக்கிறதோ, அதே நிறத்தில், அதே அளவில் முள்ளின் மேல் நூலும் இறகும் முடியுமாகக் கட்டி, நீளமான கயிற்றை வீசி, மீனின் மூக்குக்கு நேரே இறக்க வேண்டும். மீன் ஏமாந்தால் பிடிப்பார்கள். பிடித்த மீனைத் தடவிக் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதில் பெரிய மனிதர்கள். இதைக் கேட்டதும் அம்மா, "அப்ப எதுக்குடா போனானுங்க?" என்றார். நானும் பலரிடம் கேட்டுவிட்டேன்.

அமெரிக்காவின் மேற்குப் பக்க ஆறுகளில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கெடிஸ் இனத்தைச் சேர்ந்த பெரிய பூச்சி ஒன்று வெளிவரும். செம்மஞ்சள் வயிறு, முதுகின் மேல் இரண்டு பக்கமும் சரித்து மூடிய சிறகு. ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பேர் டைக்கோஸ்மோக்கஸ். தூண்டில்காரர்கள் சுருக்கமாக ஒக்டோபர் கெடிஸ் என்பார்கள். குளிர் இறுகுவதற்கு முன் ட்ரவுட்டுக்கு இது பெரிய விருந்து. கெடிஸ் பூச்சிகளைக் கட்டுவதற்கு அல் ட்ரோத் என்ற அமெரிக்கர் 1957இல் ஒரு முறை கண்டார். சிறகுக்கு எல்க் மானின் முடி. அந்த முடிக்குள் காற்று நிற்கும், ஆகவே மிதக்கும். அன்றிலிருந்து உலகம் முழுக்க எல்க் முடியைத்தான் கட்டுகிறார்கள். அந்த உலகத்தில் என் மருமகளும் ஒருத்தி.

"ஒக்டோபர் வருதே, வேலை கூடியிருக்குமே?" என்று போனில் கேட்டேன்.

"ஒக்டோபர் எங்களுக்குச் சித்திரையிலேயே முடிஞ்சிருச்சு மாமா. இப்ப அடுத்த வருஷத்து வசந்தகாலம் ஓடுது."

எங்கள் இரத்தினபுரியில் ஒக்டோபர் என்றால் மத்தியானம் வரை புழுக்கம், பிறகு இடி. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது. இலை உதிர்வதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் ஜனவரி கடைசியில் றப்பர் மலைக்குப் போகலாம். மரங்கள் சிவந்து, பிறகு மொட்டையாக நிற்கும். அதைப் பார்க்க யாரும் கெமராவோடு வருவதில்லை. பால் குறைகிறது, பேர் போடும் நாள் குறைகிறது என்று எல்லோரும் துக்கம் விசாரிக்கும் காலம் அது.

ட்ரவுட்டும் நமக்கு முழு அந்நியம் இல்லை. எங்கள் மாவட்டத்துக்குத் தலைமாட்டில் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளியில் அது இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்த மலையில் ஊர் ஞாபகம் தாங்கவில்லை. யானையைச் சுட்டார்கள், மரையை நாய் விட்டுத் துரத்தினார்கள், அப்படியும் மனம் ஆறவில்லை. 1882இல் பழுப்பு ட்ரவுட்டைக் கப்பலில் வரவழைத்தார்கள். அது எதிர்பார்த்த அளவுக்குப் பெருகவில்லை. பிறகு வானவில் ட்ரவுட் வந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் பக்கம் அதன் பூர்வீகம். ஒக்டோபர் கெடிஸுக்கு ஊர்க்காரர் என்றே சொல்லலாம். சமவெளி ஓடைகளில் அது குடும்பம் நடத்தத் தொடங்கியது. 1896இல் அதைப் பிடிப்பதற்கென்று துரைமார் இலங்கை மீன்பிடிக் கழகம் ஒன்றும் வைத்துக்கொண்டார்கள்.

அதே துரைமார், அதே நூற்றாண்டு, அதே மலை. எங்கள் பாட்டன்மாரும் தோட்ட வேலைக்கென்று அவர்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்குத்தான். ட்ரவுட் முட்டைக்குச் சூடு படக் கூடாது என்று கப்பலில் தனியாக ஏற்பாடு நடந்தது. எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்தார்கள். அது போகட்டும். 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்ததே, அப்போது எந்த ட்ரவுட்டிடமாவது தகப்பன் பிறந்த சான்றிதழ் கேட்டார்களா? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களை இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்தபோது, மீன் கணக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. தலைமன்னாரில் இராமேஸ்வரம் கப்பலுக்கு என் பெரியப்பா குடும்பம் தகரப் பெட்டியோடு நின்றது. வரிசையில் முன்னும் பின்னும் ஒரு ட்ரவுட் கூட இல்லை.

இதற்காக எனக்கு மீன் மேல் கோபம் கிடையாது. சூழலியல் படித்தவர்களுக்குத்தான் கோபம். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத சின்ன இறால் ஒன்று அங்கே வாழ்கிறது. அதையும் தவளைக் குஞ்சுகளையும் ட்ரவுட் தின்று தீர்க்கிறது என்கிறார்கள். 1988இல் சமவெளி தேசியப் பூங்காவாகிவிட்டது. நினைத்தபடி தூண்டிலும் கையுமாகப் போய் நிற்க முடியாது.

அங்கே ஊறுகிற பெலிஹுல் ஓயா எங்கள் மாவட்டத்துக்குத்தான் இறங்கி வருகிறது. தண்ணீர் வரும், ட்ரவுட் வராது. 20 பாகைக்கு மேல் சூடு ஏறினால் அதற்கு மூச்சு முட்டும். இரத்தினபுரிக்கு மாற்றலாகி வருகிற நுவரெலியா உத்தியோகத்தர்களுக்கும் இதே வருத்தம்தான், ஆனால் அவர்கள் வந்துதான் ஆக வேண்டும்.

ஆக, இங்கே ஒக்டோபர் இல்லை, எல்க் இல்லை, ட்ரவுட் இல்லை. கட்டத் தெரிந்த கை மட்டும் இருந்தது. தீபாவளிக்கு அது லீவில் வீட்டுக்கு வந்தது.

"எனக்கு ஒண்ணு கட்டிக் காட்டு" என்றேன். தொழிற்சாலையிலிருந்து ஒரு முடி வெளியே வராதாம். இறகைக்கூட நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குவார்களாம். இரத்தினக்கல் குழியில் கூட இவ்வளவு காவல் கிடையாது. ஆகவே வீட்டில் கிடைத்ததை வைத்துத் தொடங்கினோம். முள், பலாங்கொடைக் கடையில் வாங்கியது. மச்சானின் கராஜிலிருந்து வந்த வைஸ் லொறியின் சில்லையே பிடிக்கக்கூடியது. முள் அதற்குள் போனதும் காணாமல் போனது. மருமகள் அதைத் தள்ளி வைத்துவிட்டு, மூக்குக் குறட்டின் வாயில் முள்ளை வைத்து, கைப்பிடியை றப்பர் பட்டியால் இறுக்கி, அரிசி டின்னுக்குள் செருகி நிறுத்தினாள். செம்மஞ்சள் வயிற்றுக்கு, நுவரெலியா போக வாங்கிய கம்பளித் தொப்பி. கம்பிக்கு, பழுதான இயர்போன். தலையில் பூச கியூட்டெக்ஸ். சிறகுக்கு மரை முடி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடிக்காக மறியலுக்குப் போகிற வயதை நான் தாண்டிவிட்டேன். இறைச்சிக் கடைக்கு வந்த ஆட்டின் முடியில் ஒரு கொத்து வாங்கி வந்தேன்.

தடவிப் பார்த்தாள். "இது முங்கிரும் மாமா."

"முங்கட்டும். எங்க போடப் போறோம்?"

கடைசியாக இறகு. சேவலின் கழுத்து இறகுதான் வேண்டும். தண்டு மெலிந்து, இழை விறைப்பாக இருப்பது அதில்தான். இறகு விஷயத்தில் இந்தத் தூண்டில்காரர்கள் எந்த அளவுக்கும் போவார்கள். நம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு ஒரு காலத்தில் பிரிட்டனில் பெரிய கிராக்கி இருந்தது. இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்த பிறகுதான் அந்தக் கோழி கழுத்தை நிமிர்த்தியது. இங்கிலாந்தில் புல்லாங்குழல் படிக்கப் போன ஓர் அமெரிக்க மாணவன், 2009இல் டிரிங் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் கண்ணாடியை உடைத்து இறங்கி, 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனான். ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாய்த் தீவுகளில் காய்ச்சலோடு அலைந்து சேர்த்தவையும் அதில் இருந்தன. எல்லாம் பூச்சி கட்டத்தான். அந்தப் பையனோடு ஒப்பிட்டால் என் மருமகள் செய்தது ஒன்றுமே இல்லை. கொல்லைப்புறத்தில் நின்ற சேவலைப் பிடித்து, கழுத்தில் நாலைந்து இறகு எடுத்தாள். அவ்வளவுதான்.

அந்தச் சேவல் முனியாண்டிக்கு நேர்ந்து விட்டது.

அதைப் பிறகு பார்ப்போம். அவள் கட்டியதை முதலில் சொல்ல வேண்டும். முள்ளின் மேல் நூலை ஓட்டி ஒரு தளம் போட்டாள். கம்பளியைப் பிய்த்து, விரல் நுனியில் எச்சில் தொட்டு, நூலின் மேலேயே திரித்து, வாலிலிருந்து தலைப் பக்கம் சுற்ற, பூச்சிக்கு வயிறு வந்தது. சேவல் இறகை அதன் மேல் இடைவெளி விட்டுச் சுற்றியதும் இழைகள் எழுந்து கால்களாயின. கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறகைக் கட்டுக்குள் கொண்டுவந்தாள். இல்லாவிட்டால் மீனின் பல் பட்ட முதல் கடியிலேயே அவிழ்ந்துவிடுமாம். ஆட்டு முடியை லிப்ஸ்டிக் மூடியில் நுனி கீழாகப் போட்டு மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். நுனியெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தது. அதை முதுகின் மேல் வைத்து, இரண்டு சுற்றுத் தளர்வாக, மூன்றாவது சுற்றில் இறுக்க, அடி முடி சிலிர்த்து நின்றது. கத்தரித்து, முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ். நான் வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் பூச்சி ரெடி. "டார்கெட் இருந்தா இன்னும் சுருக்கா வரும்" என்று நெட்டி முறித்துவிட்டு டீவி பார்க்கப் போனாள்.

விடியக் காலம் அம்மா ஜன்னல் விளிம்பில் அதைக் கண்டார்.

ஒரு முள். அதில் செம்மஞ்சள் நூல், மயிர், சேவல் இறகு, சிவப்பாக ஒரு சொட்டு. எங்கள் சபரகமுவை மாகாணத்தில் எழுபது வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷி இதை என்னவென்று நினைப்பார்? வீட்டைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. யார் யாருக்கு எங்கள் மேல் பொறாமை என்று ஒரு பட்டியல் தயாராயிற்று. அதில் பாதிப் பேர் முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் முறுக்குத் தின்றவர்கள். அதற்குள் கழுத்து மொட்டையான சேவலும் கண்ணில் பட்டுவிட்டது. மருமகள் எழுந்து வந்து, "அம்மாயி, அது கெடிஸ்" என்றாள். அந்தப் பேரில் ஒரு பேய் புதிதாகக் கிளம்பியிருக்கிறது என்று அம்மாவுக்கு உறுதியாகிவிட்டது.

பூசாரியைக் கூட்டி வந்தோம். அவர் அதைத் தொடாமல் வாழை இலையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செய்வினைன்னா முடிச்சு கோணலா இருக்கும்மா. இவ்வளவு சுத்தமா எந்த மந்திரவாதியும் கட்ட மாட்டான். இது கம்பெனி வேலை" என்றார். மருமகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதானாம். சேவல் வழக்கில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. இறகு குறைந்த உருப்படியை முனி ஏற்க மாட்டார். முளைக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பூச்சியால் இதுவரை பலன் கண்ட ஒரே உயிர் அந்தச் சேவல்தான்.

அன்று பின்னேரம் மருமகள் என்னைத் தண்ணிப் பீலிக்குக் கீழே ஓடைக்குக் கூட்டிப் போனாள். ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருந்த மணல் குழலைக் காட்டினாள். அரை விரல் நீளம். "இதுதான் மாமா கெடிஸோட குஞ்சு. எச்சில் பட்டு நூல் மாதிரி வரும், அதுல மணலை ஒட்டி வீடு கட்டிக்கும்." நான் பிறந்து குளித்து வளர்ந்த ஓடை அது. சுவிஸ் நாட்டு பெர்னாண்ட் ஷ்மிட் 1950களில் இலங்கை முழுக்க அலைந்து இந்த இனத்தைச் சேகரித்து எழுதியும் வைத்துவிட்டார் என்று பிறகு படித்தேன். நாங்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் இரத்தினக்கல் பத்தல் போட்டிருக்கிற முதலாளி வந்து என்ன தேடுகிறோம் என்று விசாரித்தார். இந்த ஊரில் ஒருவன் கல்லைப் புரட்டினால் மற்றவனால் சும்மா போக முடியாது. பேச்சுவாக்கில், ஊபேர் துப்ரா என்ற பிரெஞ்சுக் கலைஞரைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன். 1980களின் தொடக்கத்தில் அவர் இந்தப் புழுக்களைத் தொட்டியில் விட்டு, மணலுக்குப் பதிலாகத் தங்கத் துகளும் மாணிக்கமும் நீலக்கல்லும் போட்டார். புழு அதையே பொறுக்கி வீடு கட்டியது. நகையாகவே வந்துவிட்டது. முதலாளி நெடுநேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல் கிடைக்கிற இல்லம் மண்ணைக் கழுவிவிடும் தண்ணீர் அவருடைய பத்தலிலிருந்து நேரே இங்கேதான் வருகிறது.

"நம்ம கல்லை இதுங்க எடுத்திருக்குமோ?"

எடுத்திருந்தால் இரத்தினக்கல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல்தான் எடுத்திருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். பூசாரி சொன்ன சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது, நடுவில் உருமாறியும் இருந்தது: முனியின் சேவல் இறகில் கட்டிய காப்பு, உயிருக்கு ஆயுள் கூட்டும். பத்தலில் கட்ட ஒன்று வேண்டுமாம். மருமகள் கொடுத்த பூச்சியை இரண்டு விரலில் பிடித்து, டோர்ச் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"சூடாக்கினதா, அப்படியே எடுத்ததா?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி மொதலாளி. டசனாத்தான் குடுப்போம்."

"எனக்கு இருக்கிறது ஒரு பத்தல்."

"மத்ததை வித்துருங்க."

இரத்தினபுரி வழக்கப்படி பாதி விலைக்குக் கேட்டார். அவள் முழு விலையில் நின்றாள். முக்காலில் முடிந்தது. முற்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறம் பார்த்துக் கூப்பிட்டாள்: "அம்மாயி, அந்தச் சேவலைக் கொஞ்சம் பிடிங்க."