ரோம், மேல்மருவத்தூர் வழியாக

மத்தியதரைக் கடலோரத்துப் பழைய துறைமுக நகரங்களைக் கப்பலில் சுற்றிவரும் ஆசை, தாம்பரம் வட்டாரத்துப் பெரியவர்களின் பட்டியலில் காசிக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிடும் போலிருக்கிறது. கப்பலேறுவதில் தவறில்லை. வரலாற்றைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஏறுவதுதான் இடிக்கிறது. பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும் நாளில் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். பல்லாவரத்தில் இறக்கிவிட்டு, மேல்மருவத்தூரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் ஓடிவந்துவிடுங்கள் என்பதற்குச் சமம். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோவில் இறங்க வேண்டும். அது இன்னும் தூரம். போகவர மூன்று மணி நேரத்தைப் பஸ் விழுங்கிவிட்டால், ரோமின் கொலோசியத்துக்கு மிஞ்சுவது அதன் வாசலில் வரிசையில் நிற்கிற நேரம்தான். அந்த ஊர்க்காரர்களுக்கும் கப்பல்கள் அலுத்துவிட்டன. வெனிஸ் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களை ஜூதெக்கா கால்வாய்க்குள் விடுவதில்லை. துப்ரோவ்னிக்கும் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே மூச்சில் இறங்கினால் எந்தப் புராதனச் சந்தும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையாகிவிடும். நம் சந்தையிலாவது பேரம் பேசலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் அலைந்தது ரோமானியர்கள்; உட்கார்ந்த இடத்தில் வியாபாரம் பார்த்தது நாம். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியப் பாத்திரங்களும் ஆம்போரா ஜாடிகளும் கிடைத்தன. அந்த ஜாடிகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மட்டுமல்ல, புளிக்கவைத்த மீன் சாறும் வந்திருக்கிறது. சோழமண்டலக் கடற்கரைக்கே மீன் சாறு அனுப்பத் துணிந்தவர்கள் உலகை ஆண்டதில் ஆச்சரியமில்லை. அரிக்கமேடு வரை போக அலுப்பாக இருந்தால், பாலாற்று முகத்துவாரத்தில் வசவசமுத்திரம் இருக்கிறது. அங்கும் ஆம்போரா ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்கோட்டை. தெற்கே தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விட்டால் ஐரோப்பா வரிசையாக வந்து நிற்கும், விசா கேட்காது.

‘அங்கெல்லாம் பார்க்க என்ன இருக்கிறது, நாலு செங்கல்லும் நெருஞ்சி முள்ளும்தானே?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கப்பல்காரர்கள் பெருமையோடு கூட்டிப்போகும் துருக்கியின் எபேசஸ் ஒரு காலத்தில் துறைமுகம். வண்டல் மூடி, கடல் இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பூம்புகாரிலோ கடல் ஊரைத் தேடி உள்ளேயே வந்துவிட்டது. பழைய துறைமுகத்தில் கடலும் ஊரும் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நாட்டிலும் பேராசைதான். பழமைதான் அளவுகோல் என்றால், 1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் கொள்ளுத்தாத்தாவுக்கும் அது பழம்பொருள். ‘அங்கே கழிப்பறை உண்டு, தகவல் பலகை உண்டு’ என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை; தொல்லியல் துறையிடம் இருக்க வேண்டும். ‘ஒரே தடவை பெட்டியைப் பிரித்து வைத்தால் நாலு நாடு பார்க்கலாம், முட்டிக்கு நல்லது’ என்பதும் உண்மை. அப்படியானால் முட்டிக்காகப் போகிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிடலாமே. வரலாற்றுக்காகத்தான் என்று அடம்பிடிப்பவர்கள் முதலில் நம் கரையைப் பார்த்து முடித்துவிட்டுக் கப்பலேறலாம். ரோமில் கிடைக்கப்போவது சொற்ப நேரம். நம்மிடம் மணியும் துணியும் வாங்கியே கஜானாவைக் கரைத்தவர்களின் வீடு இது என்று தெரிந்து பார்த்தால், அந்த நேரமாவது வீண்போகாது.