இரண்டாம் பூனைக்காரர்

ஒற்றைப் பூனை வளர்ப்பவரைக் கண்டுபிடிக்க, அவர் கறுப்புச் சட்டை போடும் நாள்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது பூனையைக் கொண்டுவந்தவரை மீன்கடையிலேயே கண்டுகொள்ளலாம். அரைக் கிலோ நெத்திலியை இரண்டு கவரில் போடச் சொல்லி, இரண்டையும் தனித்தனியே தராசில் வைக்கச் சொல்பவர் அவர்தான்.

"இன்னொண்ணு எதுக்கு சார்?" என்றால், "மீனாட்சிக்குத் துணை வேணும்ல!" என்பார். நாளில் பாதிக்குமேல் தூங்கி, மிச்ச நேரத்தில் ஜன்னலோரம் காக்கைகளை மிரட்டும் மீனாட்சி, துணை கேட்டு மனுப் போட்டதில்லை. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறதென்று முனகியது யார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

தீபாவளி வெடிக்குப் பயந்து ஸ்கூட்டருக்கடியில் ஒடுங்கிக் கிடந்த கடுவன் குட்டி, 'பட்டாசு' என்ற பெயரோடு வீடேறியது. தடுப்பூசி போட்ட டாக்டர், "கொஞ்ச நாள் தனி ரூம்ல வைங்க" என்றார். வீட்டின் ஒரே ஏசி அறை பட்டாசுக்குப் போயிற்று. ஹாலில் பாய் விரித்த மனைவி கேட்டார்: "ஏங்க, தனியா வைக்கச் சொன்னது பூனையையா, நம்மளையா?"

பூனைகள் முகம் பார்க்குமுன் வாசனையால் பழக வேண்டும். கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அங்கே துணியால் தடவி, மற்றதன் படுக்கையில் போட வேண்டும். இந்தத் தூது வேலைக்குத் தம் பனியன்களையே ஒப்படைத்தார். "மெயின்டனன்ஸ் கட்டிட்டீங்களா சார்?" என்று கேட்க வந்த வாட்ச்மேன், சுரப்பிப் பாடம் முழுதும் கேட்டுவிட்டு, கேட்க வந்ததை மறந்து போனார்.

அடுத்து மணல் தட்டு. பூனைக்கொன்று, அதற்குமேல் ஒன்று என்பது கணக்கு, ஆக 3. முறைவைத்து வெளியே விட்டபோது இரண்டும் அந்த மூன்றையும் விட்டுவிட்டுத் துளசித் தொட்டிக்குப் போயின. "பாத்தியா, ஒரே ரசனை!" என்று பூரித்தார். மனைவி பூரிக்கவில்லை.

பிறகு, சாத்திய கதவுக்கு இருபுறமும் சாப்பாட்டுத் தட்டு. கதவிடுக்கில் காதை வைத்தபடி மகளுக்குப் போனில் செய்தி வாசிப்பார்: "இன்னிக்கு மூணு தடவைதாம்மா சீறினா!"

"நான் ஹாஸ்டல்ல சேர்ந்தப்ப ஒரு தடவைகூட நீங்க போன் பண்ணலியேப்பா."

கண்ணைச் சுருக்கி மெல்ல மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்யக்கூடும் என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். அவர் பயிற்சியை லிப்டில் வைத்துக்கொண்டார். மூன்றாம் மாடிக்காரர் நல்ல கண் டாக்டர் ஒருவரின் விலாசம் கொடுத்தார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. இப்போது இரண்டும் அவருடைய சாய்வு நாற்காலியில் ஒன்றாய்ப் படுக்கின்றன. அவர் உட்கார வந்தால் சேர்ந்தே சீறுகின்றன.

இந்த வெற்றி தந்த தெம்பில், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங்குக்காக அடித்துக்கொண்ட இருவரைச் சமாதானப்படுத்த எழுந்தார். "ஆளுக்கொரு ரூம். கதவைச் சாத்தி இந்தப் பக்கம் ஒரு தட்டு சுண்டல், அந்தப் பக்கம் ஒரு தட்டு. அப்புறம் துண்டை மாத்திக்குங்க" என்றார்.

அந்த இருவரும் இப்போது மிக நெருக்கம். தினமும் சேர்ந்து வாக்கிங் போய், இவரைத் திட்டுகிறார்கள்.