ஒரே இடத்தில் நின்று அளந்த வெயில்

ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியில் கண் வைத்துப் பார்க்க எதுவும் கிடையாது. எண்பதுகளில் கொடைக்கானல் அப்சர்வேட்டரி மேட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு. "இதுல சூரியன் பெருசா தெரியுமா சார்?" என்பார்கள். நாங்கள் சூரியனைப் பார்க்கவில்லை, அதன் வெயில் நம்மிடம் வந்து சேர்வதற்குள் வழியில் எவ்வளவு பறிபோகிறது என்று அளக்கிறோம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். எனக்கோ அதைவிட நல்ல வேலை இல்லை என்றே தோன்றும். இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கனத்த உலோகப் பெட்டி அது. மேலே உள்ள பட்டகம் வெயிலை உள்ளே திருப்பிவிடும். உள்ளிருக்கும் குவார்ட்ஸ் பட்டகங்கள் அதைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரில் இரண்டு அலைநீளங்களைப் பொறுக்கி எடுக்கும். 305.5 நானோமீட்டர் ஒன்று. ஓசோன் இதை ஆவலாக விழுங்கும். 325.4 இன்னொன்று, இதை அவ்வளவாகத் தொடாது. சுழலும் தகடு ஒன்று இரண்டையும் மாறி மாறி ஒளியுணரி மீது விழச் செய்யும். அதிகமாக வந்து சேரும் ஒளியின் பாதையில், ஒரு பக்கம் தெளிந்தும் போகப்போகக் கறுத்தும் இருக்கும் கண்ணாடித் தகடு இருக்கிறது. டயலைத் திருப்பி அதை நகர்த்த நகர்த்த, ஒரு கட்டத்தில் இரண்டு ஒளியும் சமமாகி முள் சைபரில் நிற்கும். அந்த டயல் எண்தான் ரீடிங். அந்த நொடியின் நேரம், சூரியன் நின்ற உயரம், கருவியின் வெப்பநிலை எல்லாம் சேர்த்து அட்டவணையைப் பிரித்துக் கணக்குப் போட்டால் 250, 260 என்று ஓர் எண் வரும். 260 என்றால், நம் தலைக்கு மேல் வானம் முழுவதும் விரவிக் கிடக்கும் ஓசோனைத் தரைமட்டத்துக்கு இறக்கி, சைபர் டிகிரியில் அடுக்கினால் 2.6 மில்லிமீட்டர் கனம் வரும் என்று பொருள். சூரியனின் கொடிய கதிரிலிருந்து பயிரையும் கண்ணையும் தோலையும் காப்பது அவ்வளவே கனமுள்ள போர்வை. இந்த எண்ணை முதன்முதலாக என் கையாலேயே கணக்கிட்டபோது உடல் சிலிர்த்தது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "முள்ளு எங்கயும் போகாது தம்பி. மொதல்ல மேல பாரு" என்பார். கொடைக்கானல் மலை 2,300 மீட்டருக்கு மேல். ஜனவரி, பிப்ரவரிக் காலைகளில் வானம் கழுவித் துடைத்தது போலிருக்கும். மத்தியானத்துக்குள் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலுக்காகக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்துக் கிடப்போம். சூரியன் முகம் காட்டாவிட்டால் உச்சி வானத்தின் ஒளியை வைத்து அளக்க ஒரு வழி உண்டு, ஆனால் நேர்வெயில் தருகிற நம்பிக்கை அதில் வராது. ரீடிங் எழுதிய பிறகு பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் வானம் எப்படி இருந்தது என்று குறிக்கவேண்டும். மெல்லிய மேகம், மூட்டம் நெருங்குகிறது, சூரியனைச் சுற்றி வெண்மை. இதில் அண்ணன் விட்டுக்கொடுக்கவே மாட்டார். எண்ணை நாளைக்குக்கூடத் திரும்பக் கணக்குப் போடலாம், வானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பார்.

இந்த மலைக்கும் ஓசோனுக்கும் உள்ள உறவு பழையது. ஆக்ஸ்போர்டில் கோர்டன் டாப்சன் 1924-ல் தன் முதல் கருவியைச் செய்தார். அது வெயிலின் நிறமாலையைப் படமெடுக்கும் கருவி. இருபதுகளின் கடைசியில் அப்படிப்பட்ட கருவிகளை உலகின் மூலைகளுக்கு அனுப்பியபோது, எகிப்தின் ஹெல்வான், கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஆகியவற்றோடு கொடைக்கானலும் அவர் பட்டியலில் இருந்தது. எடுத்த தட்டுகளைக் கப்பலேற்றி ஆக்ஸ்போர்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். அதில் தெரியவந்த ஒரு சேதி என்னை இன்னும் விடவில்லை. ஓசோன் அதிகமாக உருவாவது வெயில் சுட்டெரிக்கும் நம் பக்கத்து வானில்தான். ஆனால் குறைவாகத் தங்குவதும் நம் தலைக்கு மேல்தான். உயரத்து மெல்லிய காற்று அதை மெல்ல மெல்லத் துருவங்களை நோக்கிக் கொண்டு போய்விடுகிறது. ஆலன் புரூவர் 1949-லும் டாப்சன் 1956-லும் எழுதியதால் அந்தக் காற்றோட்டத்துக்கு இருவர் பெயரும் நிலைத்தது.

1957-ல் உலக புவி இயற்பியல் ஆண்டு தொடங்கியபோது கொடைக்கானலில் முறையான டாப்சன் அளவீடும் தொடங்கியது. அதே நேரத்தில்தான் அன்னா மணி நாட்டின் பல இடங்களில் வெயிலை அளக்கும் நிலையங்களை நிறுவினார். பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, 1948-ல் வானிலைத் துறைக்கு வந்தவர் அவர். அளவீட்டில் சின்னப் பிசகையும் பொறுக்காதவர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தியாவின் வெயில் அளவீடுகளைத் தொகுத்து 1980-ல் அவர் கொண்டுவந்த கையேடு, பின்னாளில் சூரிய மின்சாரத்துக்குத் திட்டம் போட்டவர்களுக்கு நம்பகமான நூலாக இருந்தது. கூரைக்குக் கூரை சூரியத் தகடு பளபளக்கும் இன்றைக்கு அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் வேலைக்கு மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978-ல் மேலே போய்விட்டது. ஒரே நாளில் உலகம் முழுவதற்கும் ஓசோன் வரைபடம் போட்டுவிடும் அதற்கு முன்னால் எங்கள் ஒற்றை மலையும் ஒற்றைப் புள்ளியும் எம்மாத்திரம்? உறவுக்காரர் ஒருவர் என் அம்மாவிடம், "உங்க மகன் வெயிலுக்குக் கணக்கு எழுதுறானாமே" என்று விசாரித்திருக்கிறார். அம்மா எனக்காகப் பரிந்து பேசியதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

1985 மே மாதம் அந்தச் செய்தி வந்தது. அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் தரையில் நின்று டாப்சன் கருவியால் அளந்த அக்டோபர் மாத எண்களை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் வெளியிட்டிருந்தார்கள். அறுபதுகளில் 300 அளவில் இருந்தவை 200-க்குச் சரிந்திருந்தன. செயற்கைக்கோளும் அதைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் மிகக் குறைந்த எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று கணினி தனியாக ஒதுக்கி வைத்திருந்தது. ஹாலியில் ஆண்டுக்காண்டு அதே இடத்தில் அதே வகைக் கருவியால் அளந்தவர்களால்தான் உலகம் விழித்துக்கொண்டது. இரண்டே ஆண்டில் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அண்டார்டிகா மேலே ஓசோன் பழைய நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று இப்போது கணிக்கிறார்கள். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன், என் பேத்தி இருப்பாள்.

அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் பதிவேட்டை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். நம் பக்கத்து எண்களில் அப்படிச் சரிவு எதுவும் இல்லை. பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். துருவத்தில் நடந்தது உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கவில்லை என்று அடித்துச் சொல்ல அந்தச் சரிவற்ற கோடு வேண்டியிருந்தது. மாற்றமே இல்லாததை நாள் தவறாமல் எழுதிவைப்பதும் வேலைதான், அதுவும் பொறுமை கேட்கும் வேலை.

இன்று அதே புரூவரின் பெயர் தாங்கிய ஓசோன் கருவி தானாகவே சூரியனைத் தேடித் திரும்பி, தானாகவே அளந்து, தானாகவே கணினியில் பதிகிறது. சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் 2017 முதல் உலகத்தைச் சில கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து அளக்கிறது. வியந்து வியந்து பார்க்கிறேன். ஆனால் விண்வெளியில் கடும் கதிர்பட்டுக் கருவியின் கண் மெல்ல மங்கும். நிம்பஸ்-7 சூரியனைப் பார்க்கப் பயன்படுத்திய தகடும் அப்படித்தான் மங்கியது. எவ்வளவு மங்கியது என்று கண்டுபிடிக்கத் தரையிலிருந்த டாப்சன் நிலையங்களின் எண்களோடுதான் ஒப்பிட்டார்கள். எங்கள் வேலையைத் தேவையற்றதாக்கும் என்று நினைத்த செயற்கைக்கோளைச் சரிபார்க்க எங்களைப் போன்றவர்களின் ரீடிங் தேவைப்பட்டது. தரை நிலையங்களுக்குப் பணமும் ஆளும் குறைக்கும் ஒவ்வொரு திட்டத்தையும் நான் எதிர்ப்பது இதனால்தான். இடையில் பத்தாண்டு விட்டுப்போனால் அந்தப் பத்தாண்டை எந்தப் பணமும் வாங்கித் தராது.

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி போனில் அழைத்தாள். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறாளாம். "ஐயா, எண்ணெல்லாம் படிக்க முடியுது. கடைசிக் கட்டத்துல 1991 கடைசியில நீங்க எழுதினதுதான் புரியல. 'சூரியனைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம்'னு இருக்கு. அது மேகமா?"

மேகமில்லை என்றேன். அந்த ஆண்டு ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, கந்தகத் துளிகள் உலக வானம் முழுவதும் பரவியிருந்தன. அந்த வளையம் அதன் அடையாளம். அத்துளிகள் வெயிலைச் சிதறடிக்கும் என்பதால், ஒற்றை ஜோடி அலைநீளத்தை நம்பாமல் இரண்டு ஜோடிகளின் வித்தியாசத்தை எடுத்து அந்தக் குழப்பத்தைக் கழிக்கவேண்டும் என்று சொன்னேன். அவள் உடனே அந்த மாதங்களின் பக்கங்களைப் போனிலேயே ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். எங்கெங்கே வளையம் என்று எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் நிறுத்தி, தேதியைக் குறித்துக்கொண்டாள். அண்ணன் எழுதிய பக்கங்களும் அதில் இருந்தன.